பதினெட்டாம் கேள்வி வரை

ஜனவரி 12

அன்பு அக்காவுக்கு,

நான் சுகம். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முழங்கால் வலி குறைந்ததா? இதற்காவது ஒரு வரி பதில் எழுது. போன கடிதத்தில் தண்ணீர்க் குழாய் பழுதானதைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டு முழங்காலை மறந்துவிட்டாய்.

எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. ஆராய்ச்சி நிலையம் என்றதும் வெள்ளை அங்கி, எலிக்கூண்டு, கண்ணாடிக் குழாய் என்று ஏதேதோ கற்பனை செய்திருப்பாய். அதெல்லாம் கீழ்த்தளத்தில். நாங்கள் இரண்டாம் மாடியில், ஜன்னல் சரியாக மூடாத ஒரு நீள அறையில், ஆறு மேசைகளில் ஆறு பேர் உட்கார்ந்து தபால் உறைகளோடு மல்லுக்கட்டுகிறோம். நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய நான்காயிரம் பேருக்கு ஒரு கேள்வித்தாள் போகிறது. எப்படித் தூங்குகிறீர்கள், எதை மறக்கிறீர்கள், எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று முப்பத்தாறு கேள்விகள். வருடத்துக்கு இரண்டு முறை, பத்து வருடங்களுக்கு. ஒரு நோய் வெளியே தெரிவதற்கு எவ்வளவு காலம் முன்பே மனிதருடைய நடத்தை மாறத் தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். எங்கள் டாக்டரம்மா இதை ஆரம்பித்துப் பாதி வாழ்க்கையைக் கொடுத்துவிட்டார்.

என் வேலை பதில்களை எண்ணாக்குவது. "ஒருபோதும் இல்லை" என்றால் பூஜ்யம், "சில சமயம்" ஒன்று, "அடிக்கடி" இரண்டு, "எப்போதும்" மூன்று. பெயரும் ஊரும் தொழிலும் இருக்கும் முதல் பக்கத்தை, உறை பிரிக்கிறவரே கிழித்து இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார். எங்கள் கைக்கு வருவது ஓர் எண்ணும் பதில்களும்தான். படித்ததை வெளியே சொல்ல மாட்டேன், யாருடையது என்று தேட மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். பக்கத்து மேசைக்காரர் எதையும் இரண்டு தடவை அழித்து எழுதுவதால் அவருக்கு ரப்பர் என்று பெயர். "வீட்ல பொண்டாட்டி கோபத்தைக்கூட இப்ப ஒண்ணா ரெண்டான்னுதான் பாக்கிறேன்" என்கிறார்.

உங்கள் ஊருக்கும் கேள்வித்தாள் போகிறது. வந்தால் அடுப்பு பற்றவைத்துவிடாதே.

அத்தான் இன்னும் அதே ஐந்தாம் நம்பர் பஸ்தானா? ஹாரனே அடிக்காமல் ஓட்டுகிற ஒரே டிரைவரை நான் விசாரித்ததாகச் சொல்.

உன் சின்னவள்


பிப்ரவரி 10

அன்புள்ள சின்னவளுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். மாடிப்படி ஏறாதவரை முழங்கால் தொந்தரவு தருவதில்லை. நம் வீட்டில் மாடி இல்லை. போதுமா?

வேலை நிரந்தரமானதில் அத்தானுக்கு ரொம்ப சந்தோஷம். "படிச்சு படிச்சு கடைசியில அவளும் என்னை மாதிரி உட்கார்ந்த இடத்துலயே சம்பாதிக்கிறா" என்றார். நீ சொன்ன உறை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நிரப்பி அனுப்பியாயிற்று. இத்தனை கேள்வி கேட்கிறீர்களே, பதில் சொல்கிறவர்களுக்கு ஒரு நாற்காலியாவது அனுப்பக் கூடாதா?

புதிதாக ஒன்று. நான் தையல் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். காலை முதல் டிரிப்பிலேயே அத்தானோடு கிளம்பிவிடுகிறேன். டிரைவர் இருக்கைக்கு நேர் பின்னால் ஒற்றை இருக்கை ஒன்று உண்டு, அது எனக்கு. கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவர் வண்டி ஓட்டி நான் பார்த்தது மொத்தம் நாலு தடவைதான் இருக்கும். இப்போது தினமும். கண்டக்டர் கிண்டல் செய்கிறார், செய்யட்டும்.

வாசல் அறைக்கு நீலத்தில் திரைச்சீலை வாங்கினேன். சுவருக்குப் பொருந்துகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். அந்த ஜன்னல் இடுக்கில் துணியாவது செருகி வை.

அக்கா


மார்ச் 7

அன்பு அக்காவுக்கு,

நலமாக இருக்கிறாயா? சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்கிறேன்.

இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறாய்? சமீபத்தில் ஏதாவது பொருளை எங்கோ வைத்துவிட்டுத் தேடினாயா? பேசிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வார்த்தை வராமல் நின்றதுண்டா? கடைக்குப் போன வழியில் திரும்பி வரத் தெரியாமல் போனதுண்டா? அத்தானுக்குத் தெரியுமா?

ஏன் கேட்கிறேன் என்று கேட்காதே. நாள் முழுக்க இதே கேள்விகளைப் படிக்கிறேன், பழக்கதோஷம் என்று வைத்துக்கொள்.

தையல் வகுப்பு எந்தத் தெருவில்? உனக்கு ஊசி கோர்ப்பதற்கே பொறுமை கிடையாதே அக்கா. என் பள்ளிச் சீருடைக்குப் பொத்தான் தைக்கக்கூடப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பியவள் நீ.

உடனே பதில் போடு. ஒரு வரி போதும்.

உன் சின்னவள்


மார்ச் 25

அன்புள்ள சின்னவளுக்கு,

நாங்கள் நலம். உனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைக்கிறேன். கடிதமா அது, பரீட்சைத் தாளா? நன்றாகத் தூங்குகிறேன். எதையும் தொலைக்கவில்லை. கடைக்குப் போய்த் திரும்பி வந்துவிடுகிறேன், பையோடு.

தையல் வகுப்பு பஸ் நிலையத்துக்குப் பின்னால். வயதானால் பொறுமை வராதா?

அத்தான் நேற்று

வாசல் அறைக்கு நீலத்தில் திரைச்சீலை வாங்கியிருக்கிறேன். சுவருக்கு நன்றாகப் பொருந்துகிறது. நீ வரும்போது பார்க்கலாம். எப்போது லீவு?

எங்களைப் பற்றிக் கவலைப்படாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா


மார்ச் 31

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மையார் அவர்களுக்கு,

வணக்கம். நேரில் சொல்ல மூன்று முறை உங்கள் அறைவரை வந்து திரும்பிவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

இம்மாதம் நான்காம் தேதி என் மேசைக்கு வந்த கேள்வித்தாள் எண் 731. தான் எங்கே இருக்கிறோம் என்பது சில விநாடிகள் தெரியாமல் போவது "அடிக்கடி". பேச்சு பாதியில் நின்றுபோவது "அடிக்கடி". தூக்கம் மூன்று மணி நேரம். பயம் "எப்போதும்". கடைசியில் "வேறு ஏதாவது சொல்ல விரும்பினால்" என்ற இடத்தில் இப்படி எழுதியிருக்கிறது: "நடுவில் கொஞ்ச நேரம் அறுந்துபோகிறது. திரும்பி வரும்போது எதிரே இருந்தவர்கள் இடம் மாறியிருக்கிறார்கள். வெளியே யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எல்லாம் போய்விடும்."

அது என் அக்காவின் கையெழுத்து. எனக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்த கை அது. "ழ"வின் வாலை அடுத்த வரிவரை இழுத்துவிடுவாள்.

கடிதத்தில் கேட்டேன். எல்லாம் நலம் என்கிறாள். ஆனால் போன மாதம் எழுதிய திரைச்சீலைச் செய்தியை முதல் தடவை சொல்வதுபோல மறுபடியும் எழுதியிருக்கிறாள். ஒரு வாக்கியம் இரண்டு சொல்லோடு நிற்கிறது. ஊசி நூல் என்றாலே ஓடுகிறவள் தையல் வகுப்புக்குப் போகிறேன் என்று தினமும் கணவர் ஓட்டும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொள்கிறாள். தனியாக இருக்கப் பயப்படுகிறாள் என்று தோன்றுகிறது. ஊர் ஒன்றரை நாள் ரயில் பயணம். இந்தச் சுற்று முடியும்வரை எனக்கு விடுப்பு இல்லை. அவர்கள் வீட்டில் தொலைபேசி கிடையாது. பக்கத்து வீட்டுக்குப் பேசி இதைக் கேட்க முடியாது.

அலமாரியைத் திறந்து 731-இன் முதல் பக்கத்தைப் பார்க்க அனுமதி வேண்டுகிறேன். அல்லது நிலையத்தின் பெயரில் அவளுக்கு ஒரு கடிதம் அனுப்ப வேண்டுகிறேன்.

விதியை மீறிக் கேட்கிறேன் என்று தெரியும். மன்னிக்கவும்.

தங்கள் கீழ்ப்படிந்த ஊழியர்,
பதில் குறியீட்டுப் பிரிவு


ஏப்ரல் 2

பதில் குறியீட்டுப் பிரிவு ஊழியருக்கு,

உங்கள் குறிப்பைப் படித்தேன். சாவியைத் தர முடியாது. நானும் திறந்து பார்க்கவில்லை. கை பரபரக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

நான்காயிரம் பேர் உண்மையைச் சொல்வது யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற ஒரே நம்பிக்கையில். இன்றைக்கு ஒருவருக்காகத் திறந்தால் நாளைக்கு எல்லாரும் நமக்கும் "நலம்" என்றுதான் எழுதி அனுப்புவார்கள். ஆபத்தான பதில்கள் வந்தால் குழு கூடித் தீர்மானித்து, ஊர் மருத்துவர் மூலம் தகவல் சொல்ல ஏற்பாடு உண்டு. இம்மாதம் முப்பதாம் தேதி குழு கூடுகிறது. 731-ஐ முதலாவதாக வைக்கிறேன்.

இன்னொன்று. கையெழுத்து யாருடையதோ அவர்தான் பதில் சொன்னவர் என்று நம் கேள்வித்தாளில் எங்கும் அச்சிடவில்லை. யோசியுங்கள்.

அதுவரை அவருக்கு இதைப் பற்றி எழுதாதீர்கள். இது வேண்டுகோள் அல்ல.

நீங்கள் சாப்பிடுவதில்லை என்று ரப்பர் சொன்னார். சாப்பிடுங்கள்.

மேற்பார்வை மருத்துவர்


ஏப்ரல் 4

அக்கா,

நலமா என்று கேட்கப்போவதில்லை. கேட்டுக் கேட்டு உன்னைப் பொய் சொல்லவைத்ததுதான் மிச்சம்.

உன் கேள்வித்தாள் என் மேசைக்கு வந்தது. படித்துவிட்டேன். பெயர் இல்லாவிட்டால் என்ன, உன் "ழ" எனக்குத் தெரியாதா? நடுவில் அறுந்துபோகிறது என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியை முப்பது நாளாகச் சுமந்துகொண்டு அலைகிறேன். முன்பின் தெரியாத ஆபீஸுக்கு எழுதத் தெரிந்த உனக்கு எனக்கு எழுத வரவில்லையா? எனக்கு வந்ததெல்லாம் அதே திரைச்சீலைச் செய்தி, இரண்டு தடவை.

இதை எழுதக் கூடாது என்று எழுத்திலேயே சொல்லிவிட்டார்கள். தெரிந்தால் வேலை போகும். முப்பதாம் தேதி குழு கூடி, ஒருவருக்கொருவர் கடிதம் போட்டு, உன் வீட்டுக் கதவை யாராவது தட்டுவதற்குள் நீ எந்தத் தெருவில் எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் நின்றுவிட்டால்? அந்தக் கவலைக்கு முன்னால் மற்றது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

அத்தானிடம் சொல். அவர் கோபப்பட மாட்டார். இருவரும் இங்கே வாருங்கள். இங்கே நரம்பு மருத்துவர்கள் நல்லவர்கள் இருக்கிறார்கள். உனக்குப் பயமாக இருந்தால் நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

எழுதுவாயா?

சின்னவள்


மே 17

மச்சினிக்கு அத்தான் எழுதுவது.

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இதற்கு முன் நான் எழுதியதெல்லாம் டிப்போவுக்கு லீவு விண்ணப்பம் மட்டும்தான், ஆகவே தப்பு இருந்தால் பொறுத்துக்கொள். உன் அக்கா ஒன்றரை மாதமாக எழுதாததால் நான் எழுதவேண்டியதாயிற்று. அவள் பேனாவை எடுக்கிறாள், வைக்கிறாள்.

உன் அக்காவுக்கு ஒன்றும் இல்லை. அறுந்துபோவது எனக்குத்தான்.

அந்த உறை என் பெயருக்கு வந்தது. என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும் என்று உனக்கே தெரியும். நான் சொல்லச் சொல்ல உன் அக்கா எழுதினாள். வெளியே மூச்சு விடாததை, யாரோ முகம் தெரியாதவர்கள்தானே என்று தைரியமாகச் சொன்னேன். நீ அங்கே இருக்கிறாய், ஆனால் பெயரைக் கிழித்துவிடுவார்கள் என்று நீதானே எழுதியிருந்தாய். எழுத்தைக் கிழிக்க மாட்டார்கள் என்பது எங்கள் இரண்டு பேர் புத்திக்கும் எட்டவில்லை.

வண்டி ஓட்டும்போதும் வந்திருக்கிறது. இரண்டு தடவை. வீட்டுக்கு வந்து சொன்னேன். உன் அக்கா "லீவு போடுங்க" என்றாள். "லீவு போட்டா ஏன்னு கேப்பான், சொன்னா ஸ்டியரிங்கைத் திரும்பத் தொட விடமாட்டான்" என்றேன். அப்போதுதான் அவள் பின்னால் வந்து உட்கார ஆரம்பித்தாள். தையல் வகுப்பு என்று ஒன்றும் கிடையாது. நாள் முழுக்க, டிரிப்புக்கு டிரிப்பு, பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பாள். பதில் வராவிட்டால் தோளைத் தட்டுவாள். ஒரு தடவை தட்டித்தான் பிரேக்கை மிதித்தேன்.

ஏப்ரல் பத்தாம் தேதி, ரவுண்டானாவுக்குப் பக்கத்தில், என்ன காரணமோ அவள் குரல் வரவில்லை. எனக்கு நினைவிருப்பது முன்னால் போன சைக்கிள்காரரின் சிவப்புச் சட்டை. அடுத்தது, வண்டி திட்டின் மேல் ஏறிச் சாய்ந்து நிற்கிறது, எல்லாரும் கத்துகிறார்கள். சைக்கிள்காரர் தப்பிவிட்டார். பின் இருக்கையிலிருந்த ஒரு டீச்சருக்கு மணிக்கட்டு முறிந்தது. கீழே இறங்கி நானே டிப்போ மேனேஜரிடம் சொன்னேன், முழுவதையும். அவர் என்னைத் திட்டவில்லை. எழுந்து போய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

ஆஸ்பத்திரியில் தலையில் ஒயரெல்லாம் ஒட்டிப் படம் எடுத்தார்கள். வலிப்பில் இது ஒரு வகையாம். வலிப்பு என்றால் கீழே விழுந்து துடிக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். இது அப்படியே உட்கார்ந்தபடி கண்ணைத் திறந்துகொண்டே வருமாம். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இனி வண்டி ஓட்ட முடியாது. விசாரணை முடிந்ததும் டிப்போவில் வண்டி வருகிற போகிற நேரம் எழுதும் வேலை தருவார்கள் போலிருக்கிறது.

அவளைக் கோபித்துக்கொள்ளாதே. நான்தான் சொல்லாதே என்றேன்.

அத்தான்


ஜூன் 8

சின்னவளுக்கு,

இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்?

அத்தான் எழுதியதைப் படித்திருப்பாய். அனுப்பும் முன் என்னிடம் காட்டினார். "என்ன காரணமோ அவள் குரல் வரவில்லை" என்ற இடத்தில் கை வைத்து, "இதுக்கு மேல என்ன எழுதறதுன்னு தெரியல, நீ ஏன் அன்னிக்குப் பேசல?" என்றார். காபி ஆறுகிறது என்று சொல்லி எழுந்து போய்விட்டேன். அவருக்கு இன்னும் தெரியாது. உனக்குச் சொல்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தேன்.

காலையில் கிளம்பும்போது தபால்காரர் கையிலேயே கொடுத்தார். பையில் வைத்திருந்தேன். இரண்டு டிரிப் பிரிக்கவில்லை. மூன்றாவதில் மனசு கேட்கவில்லை. ஒரு நிமிஷம்தானே, மேலோட்டமாகப் பார்த்துவிடலாம் என்று பிரித்தேன். "உன் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்" என்ற வரியில் இருந்தபோது வண்டி ஏறியது.

உன் மேல் பழி போடவில்லை. போட்டுப் பார்த்தேன், ஒரு மாதம். நிற்கவில்லை. நீ எழுதாமல் இருந்திருந்தால் நான் தொடர்ந்து பின்னால் உட்கார்ந்திருப்பேன், என்றைக்கோ ஒரு நாள் தட்டுவதற்குள் இதைவிடப் பெரிதாக நடந்திருக்கும். அதுவும் உண்மை. படிக்காமல் இருந்திருந்தால் அந்த டீச்சர் கை முறிந்திருக்காது. இதுவும் உண்மைதான். இரண்டில் எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியவில்லை. அறுபது பேர் ஏறுகிற வண்டியில், என் ஒரு கையை நம்பி அவரை ஓட்டவிட்டேனே, அப்போது எனக்கு அது வைத்தியம் மாதிரியே தோன்றியது.

இன்னொன்று சொல்ல வேண்டும். அத்தானுக்கும் இது சரியாகத் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை பதினெட்டாம் கேள்வி வரை அவர் சொல்ல நான் எழுதினேன். பிறகு, "இனிமே பயமா, கவலையா, தூக்கமான்னு கேக்கிறான், நீயே எதையாவது போட்டுடு" என்று எழுந்து வண்டிச் சட்டையை நனைக்கப் போய்விட்டார். அவர் எதற்கும் பயப்படுவதில்லை. படுத்தால் அடுத்த நிமிஷம் குறட்டை. மூன்று மணி நேரம் தூங்குகிறவள் நான். "எப்போதும்" என்று எழுதியதும் நான். எதையாவது போடு என்றதும் என்னுடையதையே போட்டுவிட்டேன். கடைசிப் பகுதிக்கு அவர் திரும்பி வந்து சொன்னார், எழுதினேன். "சொன்னால் எல்லாம் போய்விடும்" மட்டும் என்னுடையது.

ஆகவே நீ முழுக்கத் தப்பாகப் படிக்கவில்லை. திரைச்சீலையை இரண்டு தடவை எழுதியதாகச் சொல்கிறாயா? எழுதியிருப்பேன். அன்றைக்கு ஒரு கண் காகிதத்தில், ஒரு கண் அவர் மேல்.

உன் வேலை என்ன ஆயிற்று?

அக்கா


ஜூன் 20

அன்பு அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. தலைக்குள்தான் எல்லாம் இடம் மாறிக் கிடக்கிறது.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே டாக்டரம்மாவிடம் போனேன். விதியை மீறி உனக்கு எழுதியதையும், அதனால் நடந்ததையும் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "குழு முப்பதாம் தேதி உட்கார்ந்தது. அன்னைக்கே ஊர் மருத்துவருக்குக் கடிதம் போச்சு. உங்க அத்தான் அதுக்கு இருபது நாள் முந்திட்டார்" என்றார். பிறகு, "நீங்க எழுதினது சரியா தப்பான்னு என்னைக் கேக்காதீங்க. எனக்கே தெரியல. விதி என்ன சொல்லுதுன்னுதான் தெரியும்" என்றார்.

வேலை போகவில்லை. இனி பதில்களைத் தொடக் கூடாது. கீழே அனுப்புப் பிரிவில் வெற்றுக் கேள்வித்தாள்களை உறையில் போட்டு ஒட்டுகிறேன். எதையும் படிக்க வேண்டியதில்லை. ரப்பர் மத்தியானம் இறங்கி வந்து பேசிவிட்டுப் போகிறார்.

731-ஐ என்ன செய்வது என்று இரண்டு நாள் பேசினார்கள். மறதி ஒருவருடையது, பயம் இன்னொருவருடையது. அப்படி ஓர் ஆள் உலகத்திலேயே இல்லை. அந்த ஆளுக்காகத்தான் நான் ஒரு மாதம் சாப்பிடாமல் கிடந்தேன். "இந்த மாதிரி இன்னும் எத்தனை தாள் உள்ளே இருக்கோ" என்று டாக்டரம்மா அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். 731-ஐ நீக்கிவிட்டார்கள். இனி ஒரே வீட்டில் இரண்டு பேர் இருந்தால் இரண்டு தாள் போகும், தனித்தனியாக. உங்களுக்கான இரண்டையும் என் கையாலேயே ஒட்டினேன். இரண்டையும் நீயே நிரப்பாதே.

அக்கா, அந்த வரியை நான் எழுதாமல் இருந்திருக்கலாமோ? வேறு வரியாக இருந்திருந்தால் நீ நிமிர்ந்து பார்த்திருப்பாயோ? இப்படியெல்லாம் யோசிக்கிறேன். அர்த்தமில்லை என்று தெரிந்தும் யோசிக்கிறேன்.

டீச்சர் எப்படி இருக்கிறார்? அத்தானிடம் சொன்னாயா? மாத்திரை ஒத்துக்கொள்கிறதா?

உன் சின்னவள்


ஆகஸ்ட் 30

அன்புள்ள சின்னவளுக்கு,

இங்கே பரவாயில்லை. நீ சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன்.

வாரம் ஒரு தடவை டீச்சர் வீட்டுக்குப் போய் அவருக்கு வேண்டிய கைவேலை செய்து கொடுத்துவிட்டு வந்தேன். டிரைவரின் மனைவி என்ற அளவில்தான் என்னை அவருக்குத் தெரியும். போன மாதம் கட்டுப் பிரித்த அன்று எல்லாவற்றையும் சொன்னேன். இவருக்கு இருப்பது தெரிந்தே நாங்கள் வண்டியை எடுத்தது, நான் பின்னால் உட்கார்ந்தது, கடிதம், எல்லாம். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எழுந்து கதவுவரை வந்துவிட்டேன். "நில்லுங்க" என்றார். அந்தக் கையை நீட்டி, "இந்தக் கைப் பொத்தானைப் போட்டுட்டுப் போங்க. அப்புறம் வர வேண்டாம்" என்றார். போட்டுவிட்டு வந்தேன். பிறகு போகவில்லை.

அத்தானிடமும் அன்றைக்கே சொல்லிவிட்டேன், கேள்வித்தாளில் என் பயத்தைப் போட்டதையும் சேர்த்து. "அப்ப என் பேர்ல நீ பயந்துட்டிருந்தியா?" என்றார். கடிதத்தைப் பற்றிப் பேசவே இல்லை. அவரைப் புரிந்துகொள்ளவே முடியவில்லை.

டிப்போவில் நேரம் எழுதுகிறார். மாத்திரை ஒத்துக்கொள்கிறது. முதல் வாரம் தூங்கித் தூங்கி விழுந்தார், இப்போது இல்லை. டாக்டர் எனக்கு ஒரு நோட்டுக் கொடுத்திருக்கிறார். இவர் எப்போதாவது பேச்சை நிறுத்திவிட்டு ஒரே இடத்தைப் பார்த்தால், நான் வாய்க்குள் எண்ண வேண்டும். தேதி, நேரம், எத்தனை விநாடி, என்ன நடந்தது என்று எழுதவேண்டும். "எவ்வளவு நாளாக இருக்கிறது?" என்று அவர் கேட்டபோது இவர் ஒரு வருடம் என்றார், நான் ஒன்றரை என்றேன். கண்டக்டர் மூன்று என்கிறார்.

டாக்டரிடம் சொல்லாத ஒன்றை உன்னிடம் சொல்கிறேன். சிரிக்காதே. இவர் என்னைப் பார்ப்பார். நான் தலை வாரிக்கொண்டிருப்பேன், துணி மடித்துக்கொண்டிருப்பேன், இவர் பேசிக்கொண்டே இருந்தவர் நிறுத்திவிட்டு, கண்ணை எடுக்காமல் என்னையே பார்ப்பார். ஐந்தாறு விநாடி. பிறகு விட்ட இடத்திலிருந்து பேசுவார், அல்லது வேறு எதையாவது பேசுவார். எத்தனையோ வருடமாக. இந்த வயதிலும் எனக்கு வெட்கமாக இருக்கும். வாய்விட்டு ஒரு நல்ல வார்த்தை சொல்லத் தெரியாத மனுஷன், இப்படித்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். சண்டை போட்ட நாட்களில்கூட அதை நினைத்துச் சமாதானமாகியிருக்கிறேன்.

மாத்திரை சாப்பிட ஆரம்பித்து இரண்டு மாதத்தில் அந்தப் பார்வை நின்றுவிட்டது. ஒரு தடவைகூட இல்லை. நல்ல முன்னேற்றம் என்கிறார் டாக்டர். நானும் தலையாட்டினேன். வெளியே வந்து பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எது இவர், எது நோய் என்று பிரித்துச் சொல்ல உங்கள் ஆராய்ச்சியில் ஏதாவது வழி இருக்கிறதா?

நேற்று சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். டிப்போவில் யாரோ தொப்பியைத் தொலைத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். பார்த்தார். நான் எண்ண ஆரம்பித்தேன். ஏழு வந்தது.

"என்ன வாய்க்குள்ள முணுமுணுக்கிற?" என்றார்.

"எங்க போயிட்டீங்க?"

"எங்கயும் போகல. உன்னைத்தான் பாத்துட்டிருந்தேன்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? பாக்கக் கூடாதா?"

விட்டுப்போன விநாடிகளை அவர்களாகவே ஏதாவது சொல்லி நிரப்பிவிடுவார்கள், நம்பிவிடாதீர்கள் என்று டாக்டர் முன்பே சொல்லியிருக்கிறார். நோட்டை எடுத்துத் தேதி எழுதினேன். நேரம் எழுதினேன். ஏழு என்று எழுதினேன். அடுத்த கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. எழுந்து போய் அவர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"இன்னொரு தடவை பாருங்க" என்றேன்.

பார்த்தார். மூன்றிலேயே சிரித்துவிட்டார். அது வேறு பார்வை.

அந்தக் கட்டத்தை இன்னும் நிரப்பவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். லீவு கிடைத்ததும் வா.

அக்கா